எந்தக் காலுக்கு எந்தச் சாக்ஸ்?

தி. நகர் ரங்கநாதன் தெருவில் சாக்ஸ் விற்கும் நடைபாதைக் கடைக்காரர் ஒரு கேள்வியை மட்டும் கேட்பதே இல்லை: கால் என்ன அளவு? "ஃப்ரீ சைஸ் சார், எல்லாருக்கும் சேரும்" என்பதோடு வியாபாரம் முடிந்துவிடும். பத்தாம் வகுப்புப் படிக்கும் பையன், அவனைக் கூட்டிவந்த சர்க்கரை நோயாளித் தாத்தா, ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் அக்கா என மூன்று பேருக்கும் ஒரே கட்டிலிருந்து ஆளுக்கொரு ஜோடி. செருப்பென்றால் நாலைந்து போட்டுப் பார்த்து, கடைக்குள்ளேயே இரண்டு நடை நடந்து பார்ப்பவர்கள், சாக்ஸை மட்டும் நிறம் பார்த்து வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறார்கள்.

அந்த மூன்று கால்களுக்கும் மூன்று விதமான சாக்ஸ் வேண்டும். பையனுக்குத் தொல்லை வியர்வை. அக்காவுக்கு மாலையானால் கணுக்கால் வீக்கம். தாத்தாவுக்கோ பாதத்தில் உணர்ச்சியே மங்கிவிட்டது. குத்தினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது.

சாக்ஸ் மருந்து அல்ல. தோலுக்கும் ஷூவுக்கும் நடுவே கிடக்கும் ஒரு துணி. ஈரத்தை வாங்கிக்கொள்வது, உரசலைத் தான் ஏற்றுக்கொள்வது, அழுத்தத்தைப் பரப்பிவிடுவது, சில வகைகளில் காலை இறுக்கிப் பிடிப்பது என அதற்குத் தெரிந்த வேலை நாலே நாலு. தன் காலுக்கு இவற்றில் எது தேவை என்று தெரியாமல் விலையை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் பலன் இல்லை. மூங்கில் நார், வெள்ளி இழை, செப்பு இழை என்று அட்டையில் கொட்டை எழுத்தில் இருப்பவை காலுக்குப் பெரிதாக உதவுவதில்லை. உதவுபவை அளவு, விரல் பக்கத் தையல், கையிலிருக்கும் மாற்று ஜோடி ஆகியவைதான். அவற்றை யாரும் விளம்பரம் செய்வதில்லை.

சாக்ஸ் குளிர்நாட்டுச் சரக்கு, நம் ஊர்ச் செருப்புக்கால்களுக்கு அது அந்நியம் என்று ஓர் எண்ணம் உண்டு. பாதிதான் உண்மை. லண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் எகிப்திலிருந்து எடுத்துவந்த ஒரு ஜோடி கம்பளிச் சாக்ஸ் இருக்கிறது. சிவப்பு நிறம், வயது ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேல். நைல் கரையோரம் ஆக்சிரின்கஸ் என்ற பழைய ஊரின் புதைகுழிகளில் கிடைத்தது. அதில் கட்டைவிரலுக்குத் தனி அறை, மற்ற நாலு விரல்களுக்கும் சேர்த்து ஓர் அறை. செருப்பின் வார் நடுவே நுழைவதற்காக அப்படிப் பின்னியிருக்கிறார்கள். சென்னை வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள் செருப்போடு போட்டுக்கொள்கிற, பெருவிரல் பிரிந்த தோல்நிறச் சாக்ஸும் இதே வடிவம்தான்.

பின்னல் இயந்திரமும் காலுக்காகவே பிறந்தது. 1589இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரைச் சேர்ந்த வில்லியம் லீ என்ற பாதிரியார் காலுறை பின்னும் சட்டத்தை உருவாக்கினார். கையால் பின்னிப் பிழைப்பவர்களின் வயிற்றில் அடிக்கும் என்று முதலாம் எலிசபெத் ராணி அதற்குக் காப்புரிமை தர மறுத்துவிட்டார் என்பார்கள். அந்தக் கால் சமாச்சாரத்தின் பெயர்தான் 'ஹோசியரி'. இன்று திருப்பூரில் ஹோசியரி என்றால் எல்லோர் நினைவுக்கும் வருவது பனியன்.

முதலில் பையனின் வியர்வைக்கு வருவோம். மனிதனின் இரண்டு பாதங்களிலும் சேர்த்து ஏறக்குறைய இரண்டரை லட்சம் வியர்வைச் சுரப்பிகள் உண்டு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. கறுப்பு ஷூ, நைலான் சாக்ஸ், காலை எட்டு மணி முதல் மாலை நாலரை வரை, நடுவே ஒரு விளையாட்டு வகுப்பு. வியர்வை ஆவியாகப் போக வழியில்லாமல் உள்ளேயே தேங்குகிறது. வியர்வைக்கு மணம் கிடையாது. அதையும் ஊறிய தோலையும் தின்னும் பாக்டீரியாக்கள் வெளிவிடும் அமிலங்கள்தான் நாறுகின்றன. அதில் முக்கியமான ஐசோவலேரிக் அமிலம் சிலவகைப் பாலாடைக்கட்டியிலும் இருக்கிறது. மலேரியா பரப்பும் ஒருவகைக் கொசு மனிதப் பாதத்தை நாடுவதைப் போலவே லிம்பர்கர் என்ற பாலாடைக்கட்டியின் மணத்தையும் நாடுகிறது என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். 2006இல் அதற்கு வேடிக்கை நோபல் பரிசும் கிடைத்தது.

சில பையன்களின் உள்ளங்காலைப் பார்த்தால் ஊசியால் குத்தியது போலச் சிறுசிறு குழிகள் இருக்கும். தாய்மார்கள் பூச்சி அரித்துவிட்டது என்று பயப்படுவார்கள். ஊறிய தோலைப் பாக்டீரியா கரைப்பதால் வருவது அது. இந்த நோயை 1910இல் முதன்முதலில் விவரித்தவர் கொழும்பில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் ஆல்டோ காஸ்டெல்லானி. அன்று அது இலங்கையில் வெறுங்காலோடு நடந்தவர்களின் நோய். இன்று அது ஷூவைக் கழற்றாதவர்களின் நோயாகிவிட்டது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: கால் நெடுநேரம் ஈரத்தில் கிடப்பது.

'பருத்திதான் எதற்கும் நல்லது' என்பது நம் வீடுகளில் வேதவாக்கு. பனியனுக்கும் வேட்டிக்கும் அது சரி; சாக்ஸுக்கு அப்படியே பொருந்தாது. சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் 8 சதவீத அளவுக்கு நீரை உள்ளே வைத்துக்கொள்ளும். கம்பளி 16 சதவீதம் வரை, நைலான் 4, பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. அதனால் பாலியஸ்டர் வியர்வையைக் குடிக்காது. இழை இடுக்கு வழியாக வெளிப்பக்கம் கடத்திவிடும். பருத்தி குடித்துவிட்டு, உப்பிக்கொண்டு, தோலோடு ஒட்டிக் கிடக்கும். கம்பளியோ நிறையக் குடித்த பிறகும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. இதில் ஒரு வாசகர் 'அப்படியானால் பள்ளிக்குப் பாலியஸ்டரா?' என்று கேட்கலாம். காற்றுப் புகும் வலைத்துணி ஷூவாக இருந்தால், ஆமாம். காற்றே புகாத ரெக்சின் ஷூவுக்குள் கடத்திய ஈரம் போக இடம் ஏது? அங்கே பருத்தி அதிகமும் நைலான் கொஞ்சமுமாகக் கலந்த சாக்ஸே மேல். ஒரு நிபந்தனை: மதியச் சாப்பாட்டுக்கு முன் ஜோடியை மாற்ற வேண்டும். பையில் ஒரு ஜோடி கூடுதலாக இருந்தால் போதும். இழை பற்றிய பாதி விவாதம் அதிலேயே அடங்கிவிடும்.

முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சேற்றில் நாட்கணக்கில் நின்ற சிப்பாய்களின் பாதங்கள் மரத்து, வீங்கி, அழுகத் தொடங்கின. பிரிட்டிஷ் ராணுவம் அதற்குக் கண்ட வழியும் இதுதான். ஆளுக்கு மூன்று ஜோடி சாக்ஸ் வைத்திருக்க வேண்டும், நாளுக்கு இருமுறையாவது மாற்ற வேண்டும், காலில் திமிங்கல எண்ணெய் தடவ வேண்டும் என்று ஆணை போட்டார்கள். அதிகாரிகள் வரிசையாக நிற்க வைத்துக் கால்களைச் சோதித்தார்கள்.

நடவு வயலில் இறங்குபவர்களுக்குச் சேற்றுப்புண் புதிதல்ல. நகரத்தில் அதே புண் அலுவலக ஷூவுக்குள் வருகிறது. விரல் இடுக்கில் தோல் வெளுத்து, ஊறி, பிளந்து, அரிக்கும். காரணம் பெரும்பாலும் பூஞ்சை. இங்கே சாக்ஸைத் தேர்ந்தெடுப்பதைவிடத் துவைக்கும் முறையே முக்கியம். உதிர்ந்த தோல் துணுக்குகளோடு பூஞ்சை சாக்ஸில் ஒட்டியிருக்கும். குளிர்ந்த நீரில் அலசினால் சாகாது. 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் துவைப்பது வெகுவாகப் பயன் தருகிறது. வீட்டு வாஷிங் மெஷினில் அந்த வசதி இல்லையென்றால், சாக்ஸை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிக் கொதிக்கக் காய்ச்சிய வெந்நீரில் ஊறவைத்து, மொட்டை மாடி வெயிலில் முறுகக் காயவிடலாம். விரலுக்கு விரல் அறை வைத்த ஐவிரல் சாக்ஸ் இந்த நோய்க்கு நல்ல துணை. தோலும் தோலும் ஒட்டாமல் இடுக்கு உலர்ந்திருக்கும். தோல் மருத்துவர்கள் சொல்லும் இன்னொரு யோசனை கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் காரணத்தோடுதான் சொல்கிறார்கள்: ஜட்டி போடும் முன்பே சாக்ஸைப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் பாதத்துப் பூஞ்சை துணி வழியாகத் தொடை இடுக்குக்கு ஏறி அங்கே படர்தாமரையாகும்.

சாக்ஸை மாற்றியும் அரிப்பு அடங்கவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 'அரிப்புக்கு ஒரு க்ரீம் கொடுங்க' என்று மருந்துக்கடையில் வாங்கும் களிம்புகளில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. இரண்டு நாள் அரிப்பு நிற்கும். பூஞ்சை அடியில் வளர்ந்துகொண்டிருக்கும். மருந்துக்கு மசியாத ஒரு பூஞ்சை இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. அதன் பெயரே இந்தியாவைச் சுட்டும்: ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே.

வெள்ளி இழைச் சாக்ஸ் நாற்றத்தைப் போக்குமா? வெள்ளி பாக்டீரியாவைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் 2008இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அத்தகைய சாக்ஸ்களை நீரில் அலசிப் பார்த்தபோது, சிலவற்றில் நாலே சலவையில் வெள்ளி ஏறக்குறைய முழுதும் வெளியேறிவிட்டது. செம்புக்கு ஒரு கதை இருக்கிறது. 2010இல் சிலி நாட்டின் சான் ஹோசே சுரங்கத்தில் 69 நாள் சிக்கிக்கொண்ட 33 பேருக்கும் செப்பு ஆக்சைடு கலந்த சாக்ஸ் உள்ளே அனுப்பப்பட்டது. அந்த வெக்கையிலும் ஈரத்திலும் அவர்களின் கால் தோல் தேறியதாகப் பின்னர் எழுதினார்கள். சாதா சாக்ஸ் போட்ட இன்னொரு கூட்டம் சுரங்கத்தில் இல்லையே, எதோடு ஒப்பிடுவது? 'மூங்கில் சாக்ஸ்' நிலைமை இதைவிட மோசம். மூங்கிலை ரசாயனத்தில் கரைத்து இழையாக்கினால் கிடைப்பது விஸ்கோஸ், அதாவது ரேயான். அதை மூங்கில் என்ற பெயரில் விற்றதற்காக அமெரிக்க வர்த்தக ஆணையம் 2009இல் நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுத்தது. துணி மிருதுவாகத்தான் இருக்கும். மூங்கிலின் குணம் எதுவும் அதில் மிஞ்சுவதில்லை.

கொப்புளத்தின் கதை வேறு. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போனவர்களைக் கேட்டால் தெரியும். மூன்றாம் நாள் காலையில் முழங்காலைவிட உள்ளங்காலே அதிகம் பேசும். தோலின் மேலடுக்கு ஒரு பக்கம் போக, உள்ளே எலும்பு இன்னொரு பக்கம் இழுக்க, நடுவில் கிழிந்து நீர் கோத்துக்கொள்வதே கொப்புளம். ஈரத் தோலில் உரசல் கூடும். முழுக்க உலர்ந்த தோலிலும் குறைவு. முழுக்க நனைந்து வழுக்கும் தோலிலும் குறைவு. பிசுபிசுப்பான இடைநிலையில்தான் அதிகம். பருத்திச் சாக்ஸ் காலை வைத்திருப்பது அந்த இடைநிலையில்.

இது வெறும் ஊகம் அல்ல. 1990இல் அமெரிக்கப் பாத மருத்துவர்கள் ஹெர்ரிங்கும் ரிச்சியும் நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். எது எந்த இழை என்று போட்டவருக்கும் தெரியாது, பார்த்தவருக்கும் தெரியாது. பருத்திச் சாக்ஸ் போட்டவர்களுக்கு அக்ரிலிக் போட்டவர்களைவிட இரு மடங்கு கொப்புளங்கள் வந்தன. அளவிலும் அவை பெரியவை. கதை இதோடு முடிந்திருந்தால் அக்ரிலிக் கம்பெனிகள் கொண்டாடியிருக்கும். அதே இருவர் 1993இல் மீண்டும் சோதித்தார்கள், இம்முறை அடியில் விசேஷ மெத்தைப் பின்னல் இல்லாத சாதாரணச் சாக்ஸில். வித்தியாசம் காணாமல் போனது. இழை மட்டும் போதாது. அது எப்படிப் பின்னப்பட்டிருக்கிறது என்பதும் சேர்ந்தே கொப்புளத்தைத் தடுக்கிறது. அமெரிக்க மரைன் படைப் பயிற்சி வீரர்களிடம் நடந்த இன்னொரு ஆய்வில், உள்ளே மெல்லிய பாலியஸ்டர் சாக்ஸும் அதன்மேல் கம்பளி கலந்த தடித்த சாக்ஸும் போட்டவர்களுக்குக் கொப்புளம் வெகுவாகக் குறைந்தது. உரசல் தோலில் நிகழாமல் இரண்டு துணிகளுக்கு நடுவே நிகழ்ந்துவிடுகிறது. ஆனால் இரண்டு ஜோடி போட ஷூவில் இடம் வேண்டும். புதுச் சாக்ஸும் புது ஷூவுமாக யாத்திரை கிளம்பக் கூடாது. கால் சுருங்கி ஒடுங்கிக் கிடக்கும் காலையில் வாங்கிய ஷூ, பத்தாவது கிலோமீட்டரில் வீங்கிய காலுக்குப் பற்றாது.

அக்காவின் கால் இனி.

ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் பெண்கள் காலை பத்து மணி முதல் இரவு வரை நின்றுகொண்டே இருப்பது நீண்ட நாள் வழக்கம். உட்கார்ந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவாம். கேரளத்தில் பெண்கள் போராடி 2018இல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கிப் பெற்றார்கள். தமிழ்நாடு சட்டமன்றம் 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி இருக்கை வசதியைக் கட்டாயமாக்கியது. நின்றே இருந்தால் காலின் சிரைகளில் ரத்தம் தேங்குகிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளும். நிற்கும்போது அந்த வேலை நடப்பதில்லை. நாளடைவில் சிரைக்குள் இருக்கும் வால்வுகள் தளர்ந்து, நீலச் சிரைகள் புடைத்துச் சுருண்டு தெரியும். வெரிகோஸ் வெயின் என்று எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. காவலர், நடத்துநர், ஆசிரியர், செவிலியர், பரோட்டா மாஸ்டர் என்று பட்டியல் நீளும்.

இவர்களுக்கு உதவும் அழுத்தக் காலுறையை உருவாக்கியவர் டாக்டர் அல்ல, நோயாளி. அமெரிக்காவின் டொலிடோ நகரப் பொறியாளர் கான்ராட் ஜோப்ஸ்ட் தானே சிரை நோயால் அவதிப்பட்டவர். நீச்சல் குளத்தில் நின்றால் மட்டும் கால் இதமாக இருப்பதைக் கவனித்தார். ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தம் கூடும். ஆகவே கணுக்காலில் அதிகம், மேலே போகப் போகக் குறைவு. அதே கணக்கில் 1950களின் தொடக்கத்தில் அவர் தயாரித்த காலுறைதான் இன்றைய வகைகளுக்கெல்லாம் மூலம். சும்மா இறுக்கமாக இருக்கும் சாக்ஸ் இதன் நேர் எதிரி: அது மேல் விளிம்பில் மட்டும் கயிறு கட்டியது போல் இறுக்கி, ரத்தத்தைக் கீழேயே தேக்கும்.

அழுத்தத்தை ரத்த அழுத்தம் போலவே பாதரச மில்லிமீட்டரில் சொல்வார்கள். 15 முதல் 20 வரை லேசான வகை. நின்று வேலை செய்பவர்களும் நீண்ட விமானப் பயணம் போகிறவர்களும் போடுவது. நாலு மணி நேரத்துக்கு மேற்பட்ட விமானப் பயணத்தில் இத்தகைய காலுறை போட்டவர்களுக்கு, வெளியே தெரியாத ரத்தக்கட்டிகள் வெகுவாகக் குறைகின்றன என்பது காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின் முடிவு. 20 முதல் 30 வரையும் அதற்கு மேலும் உள்ளவை மருத்துவர் எழுதித் தந்து, கணுக்காலையும் கெண்டைக்காலையும் நாடாவால் அளந்து வாங்க வேண்டியவை. காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே, கால் வீங்குவதற்குள் போட்டுவிட வேண்டும். நாளும் போட்டால் ஆறு மாதத்தில் பிடிப்புத் தளர்ந்துவிடும். இதையெல்லாம்விட முக்கியமானது ஓர் எச்சரிக்கை. காலுக்கு வரும் தமனியே அடைபட்டவர்களுக்கு இந்தக் காலுறை ஆபத்து. கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, நின்றால் சரியாகும் என்பவர்கள், நெடுநாள் புகைபிடிப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள் ஆகியோர் டாப்ளர் சோதனை செய்யாமல் இணையத்தில் ஆர்டர் போடக் கூடாது.

சாதாரணச் சாக்ஸ் கழற்றும்போது காலில் ஆழமாகப் பள்ளம் விழுகிறதே, அதையும் அலட்சியப்படுத்த வேண்டாம். எலாஸ்டிக் இறுக்கம் மட்டுமே காரணமாக இருக்கலாம். இதயம், சிறுநீரகம் சார்ந்த நீர்க்கோப்பாகவும் இருக்கலாம். ரத்தக் கொதிப்புக்குப் பலரும் விழுங்கும் அம்லோடிபின் மாத்திரையும் கணுக்காலை வீங்க வைக்கும். சாக்ஸைத் தளர்வானதாக மாற்றிவிட்டு வீக்கத்தை மறந்துவிடுபவர்கள் உண்டு.

தாத்தாவின் கால்தான் இந்தக் கட்டுரையின் கனமான பகுதி. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம். ஆண்டுக்கணக்கில் சர்க்கரை கூடியிருந்தால் பாத நரம்புகள் பழுதாகும். முதலில் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு. பிறகு ஒன்றும் இல்லை. அந்த 'ஒன்றும் இல்லை'யைக் குணமாகிவிட்டதாக எடுத்துக்கொள்கிறவர்கள் பலர். ஷூவுக்குள் விழுந்த சிறு கல்லோடு நாள் முழுக்க நடப்பார்கள். மாலையில் சாக்ஸில் ரத்தத்தைப் பார்த்த பிறகே தெரியும். அதனால்தான் மருத்துவர்கள் வெள்ளைச் சாக்ஸ் போடச் சொல்கிறார்கள். கறுப்புச் சாக்ஸில் ரத்தமும் சீழும் தெரியாது.

வலி இல்லாத பாதத்தை உலகத்துக்குப் புரியவைத்ததில் தமிழ்நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி உதிர்கின்றன என்று ஊரே நம்பிய காலம் அது. உணர்ச்சி போனதால் ஏற்படும் காயங்களும் அழுத்தமுமே அந்தச் சேதத்துக்குக் காரணம் என்று அவர் காட்டினார். பிற்பாடு அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனவர், அழுத்தம் பட்டால் உடைந்து நிறம் காட்டும் நுண்ணிய சாயக் குமிழ்கள் பதித்த மெல்லிய சாக்ஸைச் சோதித்தார். நோயாளி அதைப் போட்டு நடந்து வந்ததும், எந்த இடத்தில் அழுத்தம் அதிகமோ அங்கே சாயம் படிந்திருக்கும். உடம்பு சொல்ல மறந்த வலியைத் துணி சொல்லிற்று. தொழுநோயில் கற்ற இந்தப் பாடம்தான் இன்று சர்க்கரை நோய்ப் பாதப் பராமரிப்பின் அடித்தளம்.

சர்க்கரை நோய்ப் பாதத்துக்கான சர்வதேசப் பணிக்குழு சாக்ஸைப் பற்றிச் சொல்வது மிக எளிமையானது. தையல் துருத்தாத சாக்ஸ் போட வேண்டும். தையல் இருந்தால் உட்புறத்தை வெளியே திருப்பிப் போட வேண்டும். இறுக்கமானதும் முழங்கால்வரை வருவதும் வேண்டாம். தினமும் மாற்ற வேண்டும். இந்த நாலு வாக்கியங்களுக்குப் பைசா செலவில்லை. கடையில் 'டயபடிக் சாக்ஸ்' என்ற பெயரில் விற்பவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் அந்தப் பெயருக்கென்று சட்டம் வகுத்த இலக்கணம் எதுவும் இல்லை. பெயரைப் பார்க்காமல் உள்ளே கையை விட்டு விரல் முனையில் தடவிப் பார்க்க வேண்டும். மேடு தட்டுப்பட்டால் அது காலையும் அறுக்கும். ஒட்டுப் போட்ட சாக்ஸ், கிழிந்து தைத்த சாக்ஸ் இவற்றைத் தாத்தாவிடமிருந்து பிடுங்கிப் போட்டுவிட வேண்டும். அவர் கோபித்துக்கொண்டாலும் சரி.

அதே குழு சொல்லும் இன்னொன்று நம் வீட்டுப் பழக்கத்தோடு மோதுகிறது: வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, செருப்பில்லாமல் சாக்ஸ் மட்டும் போட்டும் நடக்கக் கூடாது. 'அதான் சாக்ஸ் போட்டிருக்கேனே' என்பது பாதுகாப்பு ஆகாது; முள்ளும் குண்டூசியும் துணியைத் துளைத்துவிடும், மொசைக் தரையில் வழுக்கவும் செய்யும். சமையலறைக்கும் பூஜையறைக்கும் தனியாக, வெளியே போடாத மிருதுவான செருப்பு ஒன்று வைத்துக்கொள்ளும் வழக்கம் மெல்லப் பரவிவருகிறது. கோயிலில் அதற்கும் வழியில்லை. சித்திரை வெயிலில் கொதிக்கும் கல் பிராகாரத்தை உணர்ச்சியற்ற பாதத்தோடு சுற்றி வந்து, வீட்டுக்கு வந்த பிறகு கொப்புளத்தைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். விடியற்காலைப் பூஜைக்குப் போவதும், கோயிலில் ஆட்சேபம் இல்லையென்றால் தடித்த சாக்ஸ் போட்டுக்கொள்வதும் அங்கே குறைந்தபட்சக் காப்பு.

பாதத்தின் வெப்பத்தை இடத்துக்கு இடம் அளந்து கைபேசிக்குச் சொல்லும் சாக்ஸும் வெளிநாட்டில் வந்துவிட்டது. இரு பாதங்களிலும் ஒரே இடத்தில் வெப்பம் 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேறுபட்டால், புண் வரப்போகிறது என்பதற்கு அது முன்னறிவிப்பு. நல்ல கருவிதான், விலைதான் எட்டாது. தினமும் இரவு சாக்ஸைக் கழற்றியதும் பேரனோ பேத்தியோ தாத்தாவின் இரு பாதங்களையும் புறங்கையால் தொட்டு, உள்ளங்காலைக் கண்ணால் பார்ப்பது அதற்கு ஈடாகாது என்றாலும், பார்க்காமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

மிச்சத் தொல்லைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பித்தவெடிப்புக்குச் சாக்ஸ் நிஜமாகவே கைகொடுக்கும்: இரவில் காலைக் கழுவித் துடைத்து, யூரியா கலந்த களிம்போ வாசலினோ தடவி, அதன்மேல் பருத்திச் சாக்ஸ். பருத்தி இங்கேதான் ராஜா. கால் ஆணிக்குத் தடித்த சாக்ஸ் போட்டால் குறையும் என்பது பாதிப் பொய். ஷூ ஏற்கெனவே நெருக்கமாக இருந்தால் தடித்த சாக்ஸ் அழுத்தத்தைக் கூட்டவே செய்யும். கட்டைவிரல் மூட்டுப் புடைத்தவர்களுக்கும் அதே நியாயம். அவர்களுக்குத் தேவை அகன்ற முனையுள்ள செருப்பு. காலையில் முதல் அடி வைக்கும்போது குத்தும் குதிகால் வலிக்கு மெத்தைச் சாக்ஸ் சற்று இதம் தரும். ஆனால் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியைச் செய்யாமல் சாக்ஸை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் வலி சாவகாசமாகத்தான் விடும்.

டொரொண்டோவிலும் ஒஸ்லோவிலும் வாழும் தமிழர்களுக்கு வேறொரு பாடம். ஊரிலிருந்து வந்த பெற்றோர் குளிர் தாங்காமல் இரண்டு மூன்று பருத்திச் சாக்ஸை ஒன்றன்மேல் ஒன்றாகத் திணித்துக்கொள்வார்கள். பூட்ஸுக்குள் கால் நெருங்கி, ரத்த ஓட்டம் குறைந்து, முன்னைவிடச் சில்லிடும். நடுவே காற்று நிற்க இடம் இருந்தால்தான் சூடு தங்கும். ஒற்றைக் கம்பளிச் சாக்ஸும் தாராளமான பூட்ஸும் போதும்.

கடைசியாக அளவு. சாக்ஸ் சிறிதானால் விரல்களை மடக்கி நகத்தைச் சதைக்குள் தள்ளும். பெரிதானால் மடிப்பு விழுந்து உரசும். மாலை நேரத்தில், கால் சற்று உப்பியிருக்கும்போது, ஒரு தாளின்மேல் நின்று குதிகால் முதல் நீளமான விரலின் நுனி வரை கோடு போட்டு அளந்துகொள்ளுங்கள். இரண்டு காலையும் அளக்க வேண்டும். பலருக்கும் ஒன்று கொஞ்சம் நீளமாக இருக்கும். பெரிய காலின் அளவை எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கடைக்காரர் 'ஃப்ரீ சைஸ்' என்று சொன்னால், எத்தனை சென்டிமீட்டர் கால் வரைக்கும் என்று கேளுங்கள்.